வால்கயிறு

துறைமுகத்தின் கடைசி மேடையில் அண்ணனின் பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. காலை ஏழரை மணி, பளிச்சென்ற வெயில். பேய்க்கதை சொல்கிறவன் இருட்டில் தொடங்கினால்தான் கேட்கிறவர்களுக்கு ருசிக்கும், தெரியும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அண்ணி பைகளோடு மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அதற்குள் நான் படகில் குதித்து, சுக்கான் கட்டையில் சுற்றியிருந்த மெல்லிய நைலான் கயிற்றை அறுத்துத் தண்ணீரில் போட்டேன். அந்தக் கயிற்றை அவர் பார்க்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படகுகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவன். சின்னப் படகில் தனியாகப் போகிறவனுக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். அதற்கு ஆட்டோ பைலட் என்று ஒரு கருவி. முழங்கை நீளக் குழாய், அதிலிருந்து நீண்டு சுருங்கும் ஒரு தண்டு. தண்டின் நுனியைச் சுக்கான் கட்டையில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டால், தள்ளியும் இழுத்தும் படகைச் சொன்ன திசையில் வைத்திருக்கும். அண்ணன் அதற்கு 'மச்சான்' என்று பெயர் வைத்திருந்தான். "சோறு கேக்காம வேலை செய்ற மச்சான் எவனுக்குடா கிடைப்பான்?" என்பான்.

வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு எடையுள்ள படகுக்கு என்று பெட்டியில் போட்டிருப்பது காலிப் படகின் கணக்கு. ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறினால் அது பத்தாது, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஊருக்குத்தான் உபதேசம். சொந்த அண்ணனுக்கு, கடையில் சும்மா கிடந்த சின்னதை மாட்டிவிட்டேன். அலை பெரிதானால் அது திணறும், நுனி ஆணியை விட்டு எகிறிவிடும். "மச்சான் குதிக்கிறான்டா" என்று அண்ணன் புலம்பவும், நைலான் கயிற்றால் நுனியை ஆணியோடு இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. தனியாகப் போகிறவன் தவறி விழுந்தால் படகு நிற்காது, மச்சான் ஓட்டிக்கொண்டே போவான். அதற்காகவே தண்டிலிருந்து இருபது மீட்டர் கயிறு ஒன்றைப் படகின் பின்னால் மிதக்க விட்டிருந்தோம். வால்கயிறு. விழுந்தவன் அதைப் பிடித்து இழுத்தால் நுனி ஆணியிலிருந்து கழன்றுகொள்ளும். படகு காற்றுக்கு முகம் திருப்பி நின்றுவிடும். அதைப் பொருத்தியவனும் நான்தான். கழலவேண்டிய நுனியைக் கழலாதபடி கட்டியவனும் நான்தான்.

அண்ணன் விழுந்தான். மச்சான் நிற்கவில்லை. மாதாமாதம் நல்ல தண்ணீரில் துடைத்து, உப்பு உள்ளே போகாமல் ரப்பருக்குச் சிலிக்கான் தடவி, அவ்வளவு ஒழுங்காக நான் பார்த்துக்கொண்ட மெஷின் அது. ஆளில்லாத படகை நூல் பிடித்த மாதிரி ஓட்டிக்கொண்டு போயிருந்தது. கடலோரக் காவல் ஆட்கள்தான் மடக்கி இந்தத் துறைமுகத்தில் கட்டினார்கள். உடல் கிடைக்கவில்லை.

"விழுந்ததுமே மூச்சு அடைச்சிருக்கும்னு ஆபீசர் சொன்னாரு தம்பி. உடனே போயிருப்பாரு, கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு." இந்த ஐந்து வாரத்தில் அண்ணி இதை எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினார். நானும் தலையாட்டினேன். கல்யாணம் ஆகாதவன், அவர் கையால்தான் சாப்பிடுகிறேன். எனக்கென்று இருந்தது அந்த வீடு மட்டும்.

படகு கட்டியிருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் துறைமுகத்துக்காரர்கள். எங்கள் துறைக்கு ஐந்து மணி நேர ஓட்டம். தனியாகப் போகிறேன் என்றேன், அண்ணி கேட்கவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினோம். கீழ் அறையைத் திறந்ததும் ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன நாற்றம் வந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வால்கயிற்றைச் சுருட்டிப் பின்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு மச்சானை ஓட விட்டேன். கீ... கீ... என்று தள்ளினான், இழுத்தான். இதமான காற்று. படகின் கருவித் திரையில் வேகம் மணிக்கு ஐந்து கடல் மைல்.

ஒன்பது பத்துக்கு அது நாலாகக் குறைந்தது.

காற்று குறையவில்லை. பாய் புடைத்துத்தான் நின்றது. மச்சான் மட்டும் பாரம் ஏறிய மாட்டைப்போல் முக்கினான்.

திரும்பிப் பார்த்தேன். கொக்கி காலி. வால்கயிறு தண்ணீருக்குள் விறைத்துக் கிடந்தது.

ஏதோ வலையில் மாட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இழுத்தேன். லேசாக வந்தது. இருபது மீட்டரும் வந்தது, நுனியில் ஒன்றுமில்லை. சுருட்டி மாட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கொக்கி மறுபடி காலி.

ஒரு இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு இழுப்பு.

ஒவ்வொன்றுக்கும் தண்டு நடுங்கியது. நுனி ஆணியிலிருந்து கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஆணியைச் சுற்றி மெல்லிய நைலான் கயிறு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. வெயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இழுப்பு நிற்கவில்லை.

"யாரு தம்பி இழுக்கிறது?"

அண்ணி அறை வாசலில் நின்றார்.

"யாருமில்ல அண்ணி. வலை ஏதோ..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து விரலால் முடிச்சைத் தொட்டார்.

"நம்ம மாடில துணி காயப்போடுற கொடிக்கு நீங்க போட்ட முடிச்சுல்ல இது?"

கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தேன். நுனி கழன்றது. படகு காற்றுக்கு முகம் திருப்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஐந்து வாரம் தாமதமாக, நிற்கவேண்டியபடி நின்றது.

கயிறு தளரவில்லை.

நின்றுவிட்ட படகுக்குப் பின்னால், ஓடும் படகுக்குப் பின்னால் இருப்பதுபோலவே விறைத்துக்கொண்டு, மச்சானையே பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அண்ணி பின்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தார்.

"கை மாத்துறாரு" என்று கிசுகிசுத்தார். "ஒரு கை வலிச்சா இன்னொரு கை." கண்ணீர் தாடைவரைக்கும் வழிந்தது. துடைக்கக்கூடக் கயிற்றை விடவில்லை. "உடனே போயிட்டாருன்னு சொன்னாங்களே தம்பி."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அண்ணன் விழுந்த நாளின் ஓட்டத்தைப் படகின் திரை பதிந்து வைத்திருந்தது. சேதி வந்ததும் முதலில் வந்து பார்த்தவன் நான். ஒன்பது பத்துக்கு வேகம் திடீரென்று குறைந்திருந்தது. ஒரு ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் படகின் வேகம். பதினோரு மணிக்கு மறுபடி கூடியிருந்தது. பார்த்தேன். அழித்தேன். நைலான் கயிற்றைத்தான் காவல் ஆட்கள் கண் முன்னால் அறுக்க முடியவில்லை.

"ஒரு மணி அம்பது நிமிஷம், அண்ணி. அவ்வளவு நேரமும் பிடிச்சிட்டு இருந்திருக்கான். இழுத்து இழுத்துப் பாத்திருக்கான். நான் கட்டினதால கழலல."

அண்ணி அழுகையை நிறுத்தினார். அதற்கு அவர் கத்தியிருக்கலாம், என்னைக் கடலில் பிடித்துத் தள்ளியிருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது.

"இங்க வா" என்றார்.

அந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை 'வா' என்று கூப்பிட்டதில்லை.

"நீ பிடி."

பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆளின் முழு எடை. நடுநடுவே சின்னச் சின்ன அசைவு, ஓய்ந்துபோன கை ஒன்று விரல்களை மாற்றி வைக்கிற அசைவு. "அண்ணா, தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பதினொன்று ஆகட்டும், விட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அண்ணனுக்கு முடிந்தது அப்போதுதானே.

பதினொன்று ஆயிற்று.

பதினொன்று பத்து.

உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. விரல்களை விரித்துப் பார்த்தேன். கயிறு கையை விட்டுப் போகவில்லை.

அப்போது கயிற்றில் அந்தப் பக்கத்துப் பிடி ஒரு சாண் என் பக்கமாக நகர்ந்து வந்தது.

"விட்டுடாத" என்றார் அண்ணி, என் காதருகே. "வந்துட்டிருக்காரு."

தண்ணீர் தெளிவாக இருந்தது. எட்டிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பிடி இன்னும் ஒரு சாண் கிட்டே வந்தது.