நடு டிரம்மில் ஒரு வாளித் தண்ணீர்

“என் பொண்ணு ஒரு திருடி. அதை நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்” என்று, நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார் சர்பத் கம்பெனி முதலாளி.

துப்பறியும் அம்மையார் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அவருக்குத் துணையாக இருந்த கொழுந்தனுக்கு வந்தவரைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைத் தூற்றுவதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு உற்சாகமா?

பாகு காய்ச்சும் கூடம் மகளின் பொறுப்பு. காய்ச்சிய பாகை டிரம்களில் நிரப்பி வரிசையாக வைப்பார்கள். அவளுடைய தம்பி ஒவ்வொன்றாகச் சுவை பார்ப்பான். அன்று வரிசையின் நடுவில் இருந்த டிரம்மை ருசித்ததும் அவன் கூச்சல் போட்டானாம்.

“‘ஒரு வாளித் தண்ணி கலந்திருக்குப்பா’ன்னான். அப்புறம் கருவி வச்சு அளந்தா, அச்சு அசலா அதேதான்! மிச்ச டிரம்மையும் ருசி பார்த்து, எல்லாம் சரின்னான். அதுவும் சரியா இருந்துச்சு. சர்க்கரையை வெளியே வித்துட்டுத் தண்ணிய ஊத்தியிருக்கா, பாவி!”

“நடுவுல அவர் வாய் கொப்பளிச்சாரா?”

“எதுக்கு? அவன் நாக்கு தராசும்மா.”

முதலாளியோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அனல் அடித்தது. அடுப்பருகே மகள் கைகட்டி நின்றாள். தம்பி கன்னத்தில் மிட்டாயை அதக்கியபடி சுவரில் சாய்ந்திருந்தான்.

“திருடிய விசாரிக்க ஆளெல்லாம் வருது பாரு” என்றான்.

“வாய மூடுடா. உன் மூஞ்சியில முழிச்சதே பாவம்” என்றாள் அவள்.

‘இவள் கண்ணில் பயமே இல்லையே, ஒருவேளை கைதேர்ந்த கள்ளிதானோ’ என்று கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தான். “கொஞ்சம் பொறு” என்ற அண்ணி, மேசைமேல் கிண்ணங்களில் பாகை ஊற்றி வரிசையாக வைத்தார்.

“தம்பி, இதுல ஒண்ணு தண்ணி கலந்தது. எதுன்னு சொல்லுங்க.”

அவன் இளக்காரமாகச் சிரித்தான். ஒவ்வொரு கிண்ணமாக நக்கிக்கொண்டே போனான். போகப் போக அவன் புருவம் சுருங்கியது. கடைசிக் கிண்ணத்தைத் தட்டி, “இதுதான். சப்புன்னு இருக்கு” என்றான்.

“எல்லாமே ஒரே டிரம் பாகு. நல்ல பாகு” என்றார் அம்மையார்.

தம்பி அதே கிண்ணத்தை மறுபடி நக்கிப் பார்த்தான்.

“இனிப்பு தொடர்ந்து பட்டுக்கிட்டே இருந்தா நாக்குல சுவை அறியற செல்கள் மந்தமாயிடும். அதே இனிப்பு அடுத்தடுத்து குறைஞ்சுகிட்டே போற மாதிரிதான் தெரியும். நீங்க மிட்டாயும் அதக்கறீங்க, வாயும் கொப்பளிக்கல. அன்னிக்கு நாக்கை நம்பியிருந்தா கடைசி டிரம்களைத்தான் குறை சொல்லியிருப்பீங்க. நடுவுல இருந்த ஒண்ணை மட்டும் பிடிச்சு, அப்புறம் வந்ததையெல்லாம் சரின்னு சொல்லியிருக்கீங்க.”

“குத்துமதிப்பா சொன்னேன். பலிச்சுது!”

“குத்துமதிப்பா சொல்றவர் ‘தண்ணி கலந்திருக்கு’ன்னு நிறுத்தியிருப்பார். ‘ஒரு வாளி’ன்னீங்களே? எந்த நாக்கும் வாளிக் கணக்கு சொல்லாது. ஊத்தின கைக்குத்தான் அது தெரியும்.”

கொழுந்தனுக்குத் தன் காதிலேயே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. முதலாளி ‘ஒரு வாளி’ என்று சொன்னபோது அவனும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான்!

தம்பி மிட்டாயைத் தரையில் துப்பினான். “ஆமா, ஊத்தினேன்! ஆம்பளப் பிள்ளை நான் இருக்க, கூடத்தை இவகிட்ட ஏன் கொடுத்தீங்க? ஊரெல்லாம் என்னை ‘அக்கா வீட்டு நக்கி’ன்னு சிரிக்குது!”

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவர் மகளைப் பார்க்கவில்லை, அம்மையாரைத்தான் பார்த்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. குடும்ப விஷயம், நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்.”

“நாலு சுவத்துக்குள்ளயா?” மகள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். “வேலை செய்யற அத்தனை பேரையும் நிக்க வச்சுத்தானே என்னைத் திருடின்னீங்க? அவங்களைக் கூப்பிடுங்க. அதே இடத்துல நின்னு சொல்லுங்க.”

“பெத்தவன்கிட்ட பேசற பேச்சா இது?”

அவள் அடுப்பை அணைத்தாள். தானே போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். முற்றத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தார்கள்.

முதலாளி வாசற்படி வரை போனார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“போகலாமா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“இரு” என்றார் அம்மையார். “அவர் சொல்லி முடிக்கட்டும்.”