ஹேட்சட் ஓடையில் பதில் கொடுத்தது

ஹேட்சட் ஓடைச் சாலை முடிகிற மேட்டில் அன்று வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது. செப்டம்பர் மாதம், வில் வேட்டைப் பருவத்தின் மூன்றாவது வாரம். அரசாங்க நிலம் என்பதாலும், உரிமச் சீட்டு வாங்கியவர் எவரும் வரலாம் என்பதாலும், கொலராடோவில் உள்ளவர்கள் மட்டுமல்லாமல் பாதி நாடே அங்கே வந்து சேர்ந்தாற்போல் இருந்தது. புழுதி படிந்த பிக்கப் வண்டிகள் புதர் ஓரம் வரை நெருக்கியடித்து நின்றன. ஹார்லன் தம்முடைய வண்டியை இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே மிகுந்த சிரமத்துடன் நுழைத்தார்.

"மாமா, சைடு கண்ணாடிய மடக்குங்க. இல்லேன்னா அந்த மிச்சிகன் வண்டிக்கு முத்தம் குடுத்துடுவீங்க," என்றான் பக்கத்தில் அமர்ந்திருந்த ராய்ஸ்.

மிச்சிகன் வண்டிக்கு உரியவர், பின்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, சிறிய அடுப்பில் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். பெயர் மெர்ல் என்றும், வந்து ஒன்பது நாளாகிறது என்றும் அவராகவே சொன்னார்.

"மானா? எங்க இருக்கு மான்? நேத்து மான் மாதிரி ஒரு கூவல் விட்டேன். நாலு பக்கத்துலேர்ந்து பதில் வந்துச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா நாலு பேரும் எங்க ஊர்க்காரனுங்க!"

ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். ஹார்லனால் முழு மனத்தோடு சிரிக்க முடியவில்லை. அவர் ராய்ஸின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை இருக்கா மாப்ளே?"

"இருக்கு மாமா. நீங்க கேக்கறது இது ஏழாவது தடவை."

ராய்ஸ், ஹார்லனின் மனைவி நெல்டாவுக்குத் தம்பி. தாயார் இறந்த பிறகு அவனை வளர்த்தவள் நெல்டாதான். சென்ற வசந்த காலத்தில் அவனுடைய இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மலை ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லை; ஏறலாம் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ராய்ஸ் கிளம்பிவிட்டான். புறப்படும்போது நெல்டா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கணவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அவன் தன் கால்ல நடந்து இந்த வாசலுக்கு வரணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வந்து நிக்காதீங்க."

அந்தச் சொற்களின் பாரத்தோடுதான் ஹார்லன் மலையேறினார்.

ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகப் பழுத்திருந்தன. பாதையில் பூட்ஸ் தடங்களின் மேல் பூட்ஸ் தடங்கள். ராய்ஸின் மூச்சு இரையும்போதெல்லாம் ஹார்லன் தாமே களைத்தவர்போல் ஒரு கட்டையில் அமர்ந்துகொள்வார். ராய்ஸுக்கும் அது புரிந்துதான் இருந்தது. ஆயினும் அதைச் சொல்லிக் காட்டாமல், "வயசாயிடுச்சு மாமா உங்களுக்கு," என்று கேலி செய்து, அவனும் அமர்ந்துகொள்வான்.

இவ்வளவு பேர் புழங்கும் மலையில் எல்க் மான்கள் பேசுவதை நிறுத்திவிடும். பருவத்தின் முதல் வாரத்தில் கொம்பன்களான ஆண்மான்கள் கூவும். பிணைமான்கள் மியாவென்று பதில் சொல்லும். இரண்டாவது வாரத்திற்குள் எந்தக் கூவல் மானுடையது, எந்தக் கூவல் மனிதனின் ஊதலிலிருந்து வருவது என்று அவை கற்றுக்கொண்டுவிடும். பிறகு மலை முழுவதும் மௌனம். அந்த மௌனத்திற்குள் மனிதர்கள் மட்டும் ஒருவரையொருவர் மான் என்று எண்ணிக் கூவிக்கொண்டிருப்பார்கள்.

பிற்பகல் சாயும் நேரத்தில் இருவரும் ஓடைக்கு மேலே ஒரு சரிவை அடைந்தனர். எதிரே ஒரு பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் ஸ்ப்ரூஸ் மரங்கள் வெளிச்சமே புகாதபடி அடர்ந்த இருண்ட காடு. ஹார்லன் காற்றுப் பார்க்கும் பொடியை ஊதிப் பார்த்தார். பொடி முகத்தில் வந்து படிந்தது. காற்று சாதகமாகவே இருந்தது; அவர்களுடைய வாடை எதிர்க்காட்டுக்கு எட்டாது.

வழக்கம்போல ஹார்லன் முன்னால் ஒரு மரத்தடியில் வில்லோடு அமர்ந்தார். ராய்ஸ் அவருக்குப் பின்னால், சற்றுத் தொலைவில், புதர் மறைவில் அமர்ந்தான். வில்லோடு இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பின்னாலிருப்பவர் மட்டுமே ஓசை எழுப்புவார். இருபது ஆண்டுகளாக அவர்கள் மீறாத ஒழுங்கு அது.

ராய்ஸ் நாக்கின் மேல் ரப்பர்ச் சவ்வை வைத்து, பிணைமானைப்போல் மெல்லக் குரல் கொடுத்தான். அவனுடைய முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அதனால் அவன் எழுப்பும் குரலின் வால் எப்போதும் லேசாகப் பிசிறும். அதை ஹார்லன் ஆயிரம் குரல்களுக்கு நடுவிலும் அடையாளம் கண்டுவிடுவார்.

எதிரேயிருந்த இருண்ட காட்டிலிருந்து ஒரு கூவல் எழுந்தது.

"எவனோ புது ஆளு மாமா," என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் ராய்ஸ். "ஊதத் தெரியாம ஊதறான். இருங்க, சோதிச்சுப் பாக்கறேன்."

அந்தச் சோதனை அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனிதன் மனிதனுக்குப் பதில் ஊதும்போது, எதிராளி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருப்பான். மோகம் கொண்ட கொம்பன் காத்திராது; பாதியிலேயே குறுக்கே விழும். ராய்ஸ் நீண்ட கூவல் ஒன்றைத் தொடங்கினான். அது உச்சியை எட்டுவதற்குள் எதிர்க்காடு குறுக்கிட்டுக் கத்தியது.

ஹார்லனுக்கு மயிர் சிலிர்த்தது. அது மனிதன் அல்ல. அந்த அளவில் அவர் எண்ணியது சரியே.

நாணில் அம்பைப் பொருத்தினார். பின்னால் ராய்ஸ் மறுபடியும் பிணைமானாகக் குரல் கொடுத்தான். பிறகு அந்தக் குரல் சற்று வலப்புறம் நகர்ந்தது. பிறகு இன்னும் வலப்புறம். கூட்டமாகப் பிணைகள் மேய்வதுபோல் தோன்றச் செய்வதற்கு ராய்ஸ் இடம் மாறிக்கொண்டே ஊதுகிறான் என்று ஹார்லன் கருதினார். வேட்டையில் அது வழக்கமான உத்திதான். மெதுவா நட மாப்ளே, மூச்சு வாங்கும், என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

குரல் பள்ளத்தாக்கில் இறங்கியது.

குரல் பள்ளத்தாக்கின் மறுகரையில் ஏறியது.

இப்போது அது எதிரே, இருண்ட காட்டின் விளிம்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே குரல். வாலில் அதே பிசிறு.

நல்ல இதயம் உள்ளவன்கூட அந்தப் பள்ளத்தை இவ்வளவு விரைவில் கடந்திருக்க முடியாது.

காட்டில் வேறு ஓசையே இல்லை. அணிலின் கீச்சில்லை, ஓடையின் சலசலப்புகூட அடங்கியிருந்தது. காற்றில் கொம்பனின் காட்டமான மூத்திர வாடை இருந்திருக்க வேண்டும். எதிரேயிருந்து அவர் முகத்தில் வீசிய காற்றில், வெகுநாள் மூடிக்கிடந்த அறையின் வாடை இருந்தது.

அப்போது அவருக்குப் பின்னால் சருகு நொறுங்கியது.

ராய்ஸ் அவரைக் கடந்து நடந்தான். அவரைப் பார்க்கவேயில்லை. கைகள் இரண்டும் வெறுமனே தொங்கின. வாய் திறந்திருந்தது. ஊதலின் சவ்வு கீழுதட்டில் ஒட்டிக்கொண்டு அசைந்தது.

அவன் ஊதவில்லை.

ஆனால் அவனுடைய குரல் எதிர்க்காட்டிலிருந்து அழைத்துக்கொண்டேயிருந்தது.

ராய்ஸ் சில அடிகள் நடந்தான். நின்றான். மோவாயை உயர்த்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டான். மீண்டும் நடந்தான். குரலுக்கு மயங்கிவரும் கொம்பன் ஒன்று எப்படி வருமோ, அப்படியே அவன் போனான். ஹார்லன் எத்தனையோ முறை நாணை இழுத்தபடி பார்த்துக் காத்திருந்த நடை அது.

"மாப்ளே," என்று கிசுகிசுத்தார் ஹார்லன். "டேய், மாப்ளே."

அவன் பள்ளத்தில் இறங்கி மறுகரை ஏறினான். ஹார்லன் வில்லைப் போட்டுவிட்டுப் பின்தொடர்ந்தார். காட்டின் விளிம்பை அவர் அடைந்தபோது, ராய்ஸின் முதுகு இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கணம் தெரிந்து மறைந்தது. உள்ளே மாலை ஏற்கெனவே முடிந்துவிட்டாற்போல் இருந்தது.

அந்த மலையில் வேட்டை நேரத்தில் வாய்விட்டுக் கத்துவது மன்னிக்க முடியாத குற்றம். சுற்றிலும் எத்தனையோ பேர் விடியலிலிருந்து மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஹார்லன் ஒரு கணம் தயங்கவும் செய்தார். பின்பு நெல்டாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"ராய்ஸ்! எங்கடா இருக்கே? வந்துடுடா!"

தொண்டை கமறி, கடைசிச் சொல் உடைந்தது. பாறைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல் அந்தச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று.

அழைத்துக்கொண்டிருந்த குரலும் நின்றது.

கிளைகளை விலக்கிக்கொண்டு ஓடினார். சிறிது தூரத்தில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். ஹார்லன் அவனுடைய தோளைப் பற்றினார்.

"நீங்க கத்தினது கேட்டுச்சு மாமா," என்றான் மிக மெல்லிய குரலில். "அதுக்கு முன்னால என்னை நானே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"பேசாத. வா, போயிடலாம்."

"அசையாதீங்க மாமா. கீழ பாருங்க."

ஹார்லன் பார்த்தார்.

மலை முழுவதும் மனிதர்கள் தேடிக்கொண்டிருந்த மந்தை அங்கே இருந்தது. முப்பதோ நாற்பதோ இருக்கலாம். பிணைகளும், கன்றுகளும், பெரிய கொம்பன் ஒன்றும், மரங்களுக்கு அடியில் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்திருந்தன. பிறந்து இரண்டு நாளான கன்று ஓநாய்க்குப் பயந்து அப்படிப் படுக்கும். வளர்ந்த மான் அப்படிப் படுத்து ஹார்லன் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு பிணைமான் அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கண் திறந்திருந்தது. அதன் விலா படபடவென்று அடித்துக்கொண்டது.

"இதுங்க ஏன் எந்திரிச்சு ஓடல?" என்று கேட்டான் ராய்ஸ்.

மனித வாடை அவற்றின் மூக்கில் ஏறியிருக்கும். மனிதனைப் பற்றி அவை அப்போது கவலைப்படவில்லை.

எல்லா மான்களின் காதுகளும் ஒரே சமயத்தில் திரும்பின. காட்டுக்குள் உயர்ந்திருந்த மேட்டுப் பக்கம்.

எதுவும் வரவில்லை. ஒரு சருகும் நொறுங்கவில்லை. ஆனால் அந்த மேட்டில், மரங்களுக்கு நடுவில், எதுவோ காத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ஹார்லன் தம் தோலால் அறிந்தார்.

இருவரும் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்கள். கீழே கிடந்த வில்லை எடுக்க ஹார்லன் குனியவில்லை. இறங்கும் வழியில் ராய்ஸின் உதடு நீலம் பாரித்தது. ஹார்லன் அவனைக் கட்டையில் சாய்த்து, நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி, நாடி சீரடையும்வரை காத்திருந்தார். பிறகு அவனுடைய கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு நடத்தினார்.

வண்டிகள் தெரிந்தபோது மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. யாரோ ஒருவர் வானொலி வைத்திருந்தார். காப்பி வாசனை வந்தது. ஹார்லனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ராய்ஸை வண்டியில் ஏற்றி அமர்த்தி, ஜன்னல் கண்ணாடியைக் காற்றுக்காக இறக்கிவிட்டு, தாமும் ஏறிப் பக்கத்தில் அமர்ந்தார். தன் காலால் நடந்தே வந்துவிட்டான். நெல்டாவின் சொல்லைக் காப்பாற்றியாயிற்று.

மெர்ல் கையில் காப்பிக் கோப்பையோடு ஜன்னல் அருகே வந்தார்.

"நீங்கதானா கத்தினது? பாதி மலையையும் கலைச்சு விட்டுட்டீங்களே அய்யா! உங்களால மூணு பேரு வேட்டைய விட்டுட்டு இறங்கி வந்துட்டாங்க."

"மன்னிச்சுக்கங்க," என்றார் ஹார்லன். "இவனைக் காணோம்னு பயந்துட்டேன். வேற வழி தெரியல. ஒரு தடவைதான் கத்தினேன்."

மெர்ல் சிரித்தார். "ஒரு தடவையா? நல்லா இருக்கே கதை! ஒரு மணி நேரமா விடாம கத்தறீங்க. நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். அப்புறம் மேலேர்ந்து..."

அவர் பேச்சை நிறுத்தினார். ஹார்லனின் வாயையே உற்றுப் பார்த்தார். அது மூடியிருந்தது. மெர்லின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து, காப்பி அவருடைய பூட்ஸின் மேல் சொட்டியது.

வானொலியை யாரோ அணைத்தார்கள்.

மேலே, ஆஸ்பென் மரங்கள் தொடங்கும் இடத்திலிருந்து, அவ்வளவு அருகிலிருந்து, ஹார்லனுடைய குரல் அழைத்தது.

"ராய்ஸ்! எங்கடா இருக்கே? வந்துடுடா!"

தொண்டை கமறி, கடைசிச் சொல் உடைந்தது.

வண்டிகளுக்கு நடுவே ஒருவரும் அசையவில்லை. ஹார்லன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பக்கத்தில் ராய்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மோவாயை உயர்த்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தன் மாமாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்தில், வழி தவறியவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது போன்ற நிம்மதி.

அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

ஹார்லன் பாய்ந்து அவனுடைய வாயை இறுகப் பொத்தினார். மறு கையால் அவனுடைய தலையைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

உள்ளங்கைக்கு அடியில், ராய்ஸின் உதடுகள் பதில் சொல்லத் தொடங்கியிருந்தன.