நாற்பதில் ஒரு பங்கு

காலை ஏழேகாலுக்கு முதல் அறை விழுந்தது. தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த நான் இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டேன். எதிர்வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்த சம்பூரணம் அக்காவும் தேய்த்துக்கொண்டார். பிறகு முதுகில் இரண்டு குத்து, இடது விலாவில் ஓர் உதை. எல்லாம் கொசுக்கடி அளவுதான். தோசை கருகுமுன் எடுத்துவிட்டேன்.

கடல் உள்ளே வந்து எங்களை இந்த மாடிகளில் ஏற்றிய பிறகு, எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் செய்த ஒரே உருப்படியான காரியம் நோவுப்பகிர்வு. ஆளுக்கொரு ‘நோவி’, காதுக்குப் பின்னால் பதித்த சில்லு. ஒருவருக்கு வரும் வலியை அது உறுப்பினர் நாற்பது பேருக்கும் சமமாகப் பிரித்துவிடும். இங்கே பிள்ளை பெற்றவள் எவளும் கத்தியதில்லை. புற்றுநோய் வந்த ஒருவர் கடைசி நாள் வரை கேரம் ஆடினார். அதைப் பார்த்தவர்கள் யாரும் சங்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

விதி ஒன்றுதான். யாருடைய வலி என்று கேட்கக் கூடாது. கேட்டால், ‘அவளுக்காக நான் ஏன் சுமக்கணும்’ என்ற பேச்சு வந்துவிடும். எந்த வலி யாருடையது என்று உடனுக்குடன் காட்டும் பெயர்ப்பட்டியல் செயலாளரிடம் மட்டும் இருக்கும். அந்தச் செயலாளர் எஸ்தர் நான்தான்.

அதனால் காலை அறைகள் ஏழாம் மாடி ரூபவதியுடையவை என்று எனக்குத் தெரியும். அடிப்பவன் அவள் புருஷன் குணாளன். போன மாதம் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“போலீசுக்குப் போலாம் வாடி. நான் கூட வரேன்.”

“எதுக்குக்கா? வலிக்கவேயில்லயே,” என்று சிரித்தாள். உதடு கிழிந்திருந்தது.

அவனையும் விடவில்லை. “ஏன்டா, உனக்கு வெக்கமா இல்ல?”

“அழ மாட்டேங்கிறாக்கா. எவ்ளோ அடிச்சாலும் மரம் மாதிரி நிக்கிறா. எனக்கு வெறி ஏறுது,” என்றான், ஏதோ அவனுக்குத்தான் அநியாயம் நடந்துவிட்ட மாதிரி. பாவி! ஆனால் வலிக்கவில்லை என்று அவளே சொல்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விலாவில் உதை விழுந்த அன்று பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். ஒருத்தர் விடாமல் இடது விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓமத்தண்ணீர் கைமாறியது. போன வாரம் முழுக்கச் சம்பூரணம் அக்காவின் சிறுநீரகக் கல்லைச் சுமந்திருந்தோம். அதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

“யக்கா, உன் கல்லு எங்கள உசுரோட விடாது போல!” என்று யாரோ சீண்ட, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பட்டியல் என் மடியில் மூடியபடி கிடந்தது.

பதினொன்றரைக்கு வலி தோள்பட்டை வரை ஏறியது. பன்னிரண்டுக்குச் சட்டென்று நின்றது, எல்லோருக்கும் ஒரே நொடியில்.

“அப்பாடா! உட்டுச்சுடா சாமி!” என்று கைதட்டினார்கள்.

சம்பூரணம் அக்கா மட்டும் விழித்தார். “எனக்குக் கல்லு முந்தாநாளே விழுந்துடுச்சேம்மா.”

பட்டியலைத் திறந்தேன். காலையிலிருந்து ஒரே பெயர். படிக்கட்டில் ஓடினேன்.

ரூபவதி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி நறுக்கிய வெண்டைக்காய். வயிறு பானை போல உப்பியிருந்தது. உதை வாங்கிய இடத்தில் உள்ளேயே இரத்தம் கொட்டித் தீர்ந்திருக்கிறது. மூச்சு இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பாள். கத்தியிருந்தால் பிழைத்திருப்பாள்.

கட்டிலில் படுத்திருந்த குணாளன் எழுந்து வந்து பார்த்தான். “வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலியேக்கா…”

இரும்புத் தோசைக்கரண்டியை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். பல் ஒன்று தெறித்து வெண்டைக்காய்மேல் விழுந்தது. என் கை ஓயும்வரை அடித்தேன். அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். அவனுக்கு வலிக்கவில்லை. என் மூக்கில் கொசு கடித்தது.

கீழே கூட்டத்திலிருந்து யாரோ சிரித்தபடி சொல்வது படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

“ஐயே, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுப்பா!”