பிளீச்சிங் பவுடரை மறக்காத குளம்

ஆவரம்பேட்டைச் சாக்கடைக்கு ரோஷம் உண்டு. பிடிக்காத ஆளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு பெரிய அதிகாரியையே அது வாயடைக்க வைத்தது என்று சொன்னால், பக்கத்து ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊர்ச் சாக்கடைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஊரின் கழிவுநீர் முழுவதும் பச்சைக்குளத்தில்தான் விழும். கருங்குழம்பாக உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும்போது நிலாவே தலைவாரிப் போகும் அளவுக்குத் தெளிந்திருக்கும். வேலை செய்பவை கூட்டுமணிகள்: பாக்டீரியாவும் நுண்பாசியும் சேர்ந்த கடுகளவு உருண்டைகள். பாக்டீரியா அழுக்கைத் தின்று கரியமிலவாயுவை விடும். பாசி அதை வாங்கிக்கொண்டு வெயிலில் பிராணவாயுவைத் திருப்பித் தரும். காற்றடிக்கும் மோட்டாரே வேண்டாம். இப்படி ஒத்துப்போகும் தம்பதியை ஆவரம்பேட்டையில் தேடினாலும் கிடைக்காது. போதாததற்கு விஞ்ஞானிகள் மணிகளுக்கு மோப்பமும் ஏற்றியிருந்தார்கள். விஷம் வந்தால் மணிகள் அடியில் போய் ஒளியும். விஷத்தோடு வந்த வாசனை எதையும் மறக்காது.

குளத்தின் மேற்பார்வையாளர் பூமிநாதனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கெடுத்தார்.

அமைச்சர் வருகிறார் என்றால் வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவது, மனிதன் செவ்வாயில் குடியேறிய பிறகும் மாறாத வழக்கம். சாலைக்குப் போட்டது போக ஒரு மூட்டை மிச்சம். குளத்தில் லேசாகப் பாசி வாடை. ‘அமைச்சர் மூக்கைச் சுளித்தால்?’ கை பழக்கத்தில் மூட்டையைப் பிரித்தது. முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கலக்கியும் விட்டார்.

அமைச்சர் மாலையோடு திரும்பிப் போனார். குளம் வேகவைத்த ஜவ்வரிசியாக வெளுத்தது. மறுவாரம் எழுந்த நாற்றத்தில் ஊர்க் காக்கைகள் குடிபெயர்ந்தன.

பழி சகாயமேரி மேல் விழுந்தது. அன்று குளத்துக் காவல் அவளுடையது. விசாரணை முடிந்தால் வேலை போகும் என்று ஊரே பேசியது. அவளோ பிழைத்த மணிகளுக்கு வடிகஞ்சி ஊற்றித் தேற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏண்ணே சாப்பாடு அப்படியே இருக்கு? எனக்காகவா கவலைப்படுறீங்க?” என்று மோர் கொண்டுவந்து வைத்தாள்.

பூமிநாதன் அந்த மோரைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அதைவிடக் கொடுமை, குளம். மேரி கரைக்கு வந்தால் பச்சை பொங்கி மேலே வரும். அவர் கால் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் சட்டென்று இறங்கிவிடும். சீயக்காய் போட்டுக் குளித்தார், சட்டையை மாற்றினார், விபூதியைக் குழைத்துப் பூசினார். பலனில்லை. அவரவர் தோலில் அவரவர்க்கென்று ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு. கலக்கிய கையிலிருந்து அதுவும் விஷத்தோடு இறங்கியிருந்தது. குளத்துக்கு அவர்தான் விஷம்.

விசாரணைக்குத் தலைநகரிலிருந்து உயரதிகாரி தமயந்தி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, “சகாயமேரி, நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“நான் ஒண்ணும் போடல மேடம்.”

“போட்டது நான்,” என்றார் பூமிநாதன். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. மேரி திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அவங்களக் காப்பாத்தப் பேசுறீங்க. சாட்சி யாரு?”

“குளந்தான் மேடம்.” அவர் கரையில் இறங்கினார். பச்சை விலகி, வெறும் தண்ணீர் தெரிந்தது.

தமயந்தி சிரித்தார். “மேகம் மறைச்சிருக்கும், வெயில் இல்லாம பாசி இறங்கியிருக்கும். பாசிக்கு ஆளைத் தெரியுமா? ரேஷன் கார்டு பாத்தா ஒதுங்குது? கதை விடாதீங்க.”

“நீங்க நின்னு பாருங்க மேடம்,” என்றாள் மேரி. “எனக்கு வருது, அவருக்குப் போகுது. மேகமான்னு தெரிஞ்சிரும்.”

தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, ஏளனச் சிரிப்போடு கடைசிப் படியில் இறங்கினார்.

அவர் காலடியில் இருந்த பச்சை, பூமிநாதனுக்கு இறங்கியதைவிட வேகமாக இறங்கியது.

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. தமயந்தி நிமிர்ந்து அதையும் பார்த்துக்கொண்டார். பிறகு தன் வலது உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

“அன்னைக்கு அமைச்சருக்கு முன்னாடியே நான் வந்துட்டேன்,” என்றார் மெல்ல. “வாடை போகலையேன்னு… நானும் ரெண்டு கை பவுடர் அள்ளிக் குளத்துல போட்டேன். அவர் சொல்றது உண்மைதான். நடந்துச்சு.”