பொட்டி பேசினா நம்பாதே

காமிரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏரியிலிருந்து திரும்பிய ஜமுனா, ஈரத் துணியில் நீர் சொட்டச் சொட்ட வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். டி.வி. மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளை உருண்டையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தாள். இப்போது அதன் கறுப்புக் கண், சுண்ணாம்பு உதிர்ந்த மூலையை வெறித்தது. கிளாசில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

"ஐசு, இத்த நீ தொட்டியா?"

"எனக்கு எட்டவே எட்டாது. இந்தக் காலோட வேற!" கதவைத் திறந்துவிட்டுத் தடியில் சாய்ந்து நின்ற மகள் ஐஸ்வர்யா, முழங்கால் வரை சுற்றியிருந்த புத்தூர் கட்டைத் தட்டிக் காட்டினாள். "நைனாதான் போன்லருந்து திருப்பியிருக்கும்."

எண்ணூரில் லோடு வேலைக்குப் போயிருந்த கணவன் உதயகுமாருக்குப் போன் போட்டாள்.

"நானா? எனக்கு மூச்சு விடவே நேரமில்ல. கரண்ட் போய் வந்தா அதுவே சுத்தும் ஜமுனா. சும்மா பேஜார் பண்ணாத."

இருக்கலாம். போன மாதம் பின்தெருவில் பட்டப்பகலில் இரண்டு வீடுகளில் திருட்டு. பள்ளிக்கூடம் போக முடியாமல் பிள்ளை தனியாக இருக்கிறதே என்றுதான் போனிலிருந்தே பார்க்கவும் பேசவும் முடிகிற அந்தக் காமிராவைப் பொன்னேரியில் வாங்கியது. ஐசுவுக்கு அது 'பொட்டி'. "பாஸ்வேர்டெல்லாம் மாத்த வேணாம்க்கா. நான் வித்த எல்லாத்துக்கும் கம்பெனில குடுத்த ஒரே நம்பர்தான். மறந்துட்டா எனக்கு ஒரு போன் போடுங்க, சொல்லிடறேன்" என்றான் கடைக்காரன். நல்ல பையன் என்று அப்போது தோன்றியது.

சோறு பிசையும்போது ஐசு சாதாரணமாகக் கேட்டாள்.

"மத்தியானம் இன்னாத்துக்குமா பொட்டிலருந்து கூப்ட்ட?"

ஜமுனாவின் கை தட்டிலேயே நின்றது. "நானா?"

"அம்மா எப்ப வருவானு கேட்டுது. நீதான் வெளாட்டு காட்றனு நெனச்சேன். மெதுவா. மூச்சு விட்டுக்கினே."

"நீ இன்னா சொன்ன?"

"தண்ணி ஏறச்சொல்லோ வருவானு சொன்னேன்."

மத்தியானம் ஜமுனா இடுப்பளவு நீரில் இருந்தாள். இரண்டு கையும் சேற்றில். இறால் போடும் பனையோலைப் பறியின் கயிறு பல்லில். கையால் இறால் தடவிப் பிடிக்கும் யாரும் தண்ணீரில் வாய் திறப்பதில்லை. திறந்தால் பறி போய்விடும். மூக்கால் முனகித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு முனகல். ஜமுனாவுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கரையேறி, பறியைப் பல்லில் கவ்வியபடியே வாசலில் நின்று அதை முனகினால்தான் ஐசு தாழ்ப்பாளை நீக்குவாள்.

எழுந்துபோய் பிளக்கில் கை வைத்தாள். பிடுங்கவில்லை. பிடுங்கிவிட்டால் நாளைக்கு நீர் ஏறும்வரை பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஏரி வடிந்து கிடக்கும் இந்த வற்றுத் தண்ணீர் நாட்களை விட்டால் இறாலும் கிடைக்காது. அது முடியட்டும், பொன்னேரிக்குப் போய் நம்பரை மாற்றிக்கொண்டு வரலாம். துண்டை எடுத்துக் காமிராவின் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கண்ணைக் கட்டியாயிற்று.

பிறகு மகளை அருகில் இழுத்து உட்கார வைத்தாள்.

"தோ பாரு. இனிமே பொட்டி பேசினா நம்பாதே. என் குரலே வந்தாலும் நம்பாதே. வாசல்ல என் முனகல் கேட்டா மட்டும் தொற. எங்க, எப்டி?"

ஐசு சிரித்துக்கொண்டே மூக்கால் முனகினாள். தப்பு. ஜமுனா செய்து காட்டினாள். இரண்டு குட்டை. ஒரு நெட்டை. மறுபடி. மறுபடி. பிள்ளைக்கு அச்சாகப் படியும்வரை.

துண்டுக்கு உள்ளே பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் துண்டை அவிழ்த்து, காமிராவைக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டு ஏரிக்குப் போனாள். வானம் மூடிக்கிடந்தது. அழுகிய பாசியின் வாடையை வாடைக்காற்று முகத்தில் அப்பியது. வற்றுத் தண்ணீர் என்பதால் தெரு ஜனம் மொத்தமும் ஏரிக்குள் இருந்தது. ஊரில் மிச்சமிருந்தவை கோழிகளும் ஐசுவும்தான். மேகத்தில் பகல் வெளிச்சம் மங்கி வந்தபோது ஜமுனா மணல்திட்டில் ஏறினாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைமுண்டாசில் சொருகியிருந்த போனை எடுத்தாள்.

"அட, மவ ஓடியா பூடப் போறா? வெச்சுட்டு வாடி!" பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேலி செய்தாள் கூட வந்த கஸ்தூரி.

"ஒரு நிமிசம்க்கா."

படம் வந்தது. பாய். தடி. கட்டுப்போட்ட கால். ஐசு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஜமுனாவுக்கு மூச்சு வந்தது.

ஏன் பாய் தெரிகிறது?

கதவைப் பார்த்தல்லவா வைத்தாள்?

படம் நகர்ந்தது. மெதுவாக. பாயை விட்டு, அடுப்பைத் தாண்டி, கதவில் வந்து நின்றது. காத்திருந்தது.

முனகல் கேட்டது.

ஜமுனா கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி வாய் பிளந்து நின்றாள். அவள் இல்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது. கதவுக்கு வெளியிலிருந்து.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

"யம்மா, வந்துட்டியா?" தடி தரையில் ஊன்றும் ஓசை.

மைக் பட்டனைத் தேடி விரல் வழுக்கியது. சேறு. அழுத்தினாள். "ஐசு! தொறக்காத! அம்மா பேசறேன்! வாசல்ல நான் இல்லடி!"

படத்துக்குள் வந்த ஐசு நின்றாள். திரும்பினாள். காமிராவை நேராகப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பொட்டி பேசினா நம்பக்கூடாதுனு எங்கம்மா சொல்லியிருக்கு."

"அய்யோ, நான்தான் சொன்னேன்! நான்தான்டி!"

ஐசு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நொண்டினாள். ஒரு எட்டு. இன்னொன்று.

முனகு. முனகிக் காட்டு. ஜமுனா பல்லைக் கடித்தாள். ஒரு குட்டை வந்தது. அடுத்தது உடைந்தது. அழுகைதான் வந்தது.

வெளியே முனகல் மறுபடி கேட்டது. பிசகில்லாமல்.

"யக்கா, ஓடு! ஓடுக்கா!" ஜமுனா நீரில் பாய்ந்தாள். சேறு காலை இழுத்தது. கரை தூரத்தில் ஒரு கோடாக இருந்தது. தலைக்கு மேல் தூக்கிய கையில் போன். அதில் ஐசுவின் சின்னக் கை. தாழ்ப்பாள்.

கதவு திறக்கும் சத்தம்.

"யம்மா...?"

காமிரா நிதானமாகத் தலையைத் திருப்பிக்கொண்டது. வெள்ளைச் சுவர். உதிர்ந்த சுண்ணாம்பு. வேறொன்றும் இல்லை.

தடி விழுந்து உருளும் சத்தம்.

பிறகு முனகல். இப்போது வீட்டுக்கு உள்ளேயிருந்து. காமிராவுக்கு மிக அருகில். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.