குறைந்துகொண்டே வந்த குரல்

"பெவின்... எந்திச்சிட்டியாலே மக்கா?"

போன கோடையில் அடக்கம் செய்த மாமியாரின் குரல் சமையலறை அலமாரியிலிருந்து கேட்டதும், தோசைக்கல்லின் மேல் ஞானபாக்கியத்தின் கை ஒரு கணம் நின்றது. தினமும் கேட்பதுதான். ஆனாலும் தினமும் நின்றது.

அலமாரியில் இருந்தது, பதிந்த குரலை நேரப்படி ஒலிக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. கொழுந்தன் பெவினுக்கு வயது முப்பது. எதையும் மெதுவாகத்தான் கற்பான். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அத்தை அவனுக்காக ஒவ்வொரு வேலையையும் அதில் தன் குரலில் பதிவு செய்து வைத்தாள். பல் தேய், சட்டை மாற்று, பால் காய்ச்சு, சாவி எடு... அதைக் கேட்டுக் கேட்டுச் செய்துவிட்டு, பெவின் தனியாகப் பஸ் ஏறி பேக்கரி வேலைக்குப் போவான்.

ஹார்பரில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அவள் கணவன் ஜெபசீலன், சீருடையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"பால அடுப்புல வையி மக்கா" என்றது பெட்டி. பெவின் வைத்தான். அடுத்த வார்த்தைக்காக ஜெபசீலன் காத்திருந்தான்... வரவில்லை. ஜன்னல் வழியே உப்புக் காற்று மட்டும் வந்தது.

"ஏளா, 'அடுப்ப அணைச்சியா'ன்னு அம்மா கேப்பால்லா... எங்க?"

அவள் தலை குனிந்தாள். "நேத்து அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா! பல் தேய்க்கச் சொன்னது காணோம். அப்புறம் சட்டை. பெட்டி கெட்டுப் போச்சுன்னுல்லா நெனச்சேன்... நீயா? இருக்கயில ஒன்னயத் திட்டுனாள்னு இப்ப பழி வாங்குதியோ? எங்கம்மாவ மறுபடியும் கொல்லுதியேளா!"

பால் பொங்கத் தொடங்கியது. பெவின் தலையைச் சாய்த்துப் பெட்டியையே பார்த்து நின்றான். ஜெபசீலன் அடுப்பை நோக்கிப் பாய, அவள் குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அவனை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள்!

"தொடாதிய! நான் பக்கத்துலதான நிக்கேன்... அவன் செய்யட்டும்!"

பால் விளிம்பைத் தொட்டது.

"அடுப்ப அணைச்சியாலே மக்கா?"

அத்தையின் குரல்! அதே இழுப்பு, அதே செல்லக் கோபம்... ஜெபசீலன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பெட்டி பேசவில்லை. பேசியது பெவினின் வாய். அவனே கேட்டு, அவனே அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டு, "அணைச்சிட்டேம்மா" என்றான்.

பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "மைனியத் திட்டாதண்ணே. எனக்குத் தெரிஞ்சிட்டுன்னா அம்மா பேசமாட்டா. அம்மாவே சொல்லிருக்கா."

ஜெபசீலன் மனைவியின் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட ஏன்ளா சொல்லல?"

"'ஒண்ணு படிச்சான்னா ஒண்ண அழிச்சிரு. நான் இல்லாம அவன் நிக்கணும். மூத்தவன்ட்ட சொல்லாத, தாங்கமாட்டான்'னு அத்த சொன்னாவ. திட்டுனவியதான்... ஆனா இதுக்கு என்னயத்தான கூப்பிட்டாவ? வார்த்த வார்த்தையா நான் ஒருத்தியே அடக்கம் பண்ணுதேன்... எனக்கு மட்டும் வலிக்காதா?"

"சாவி எடுத்தியாலே?" என்றது பெட்டி. பெவின் சாவியை அதன் முன் ஆட்டிக் காட்டிவிட்டு வாசல் இறங்கினான்.

"இதயும் அழிப்பியா?"

"கேக்கதுக்கு முன்னாலயே எடுத்தான்னா... அழிக்கணும்."

ஜெபசீலன் அவள் தோளில் முகம் புதைத்துச் சின்னப் பிள்ளையாய் விம்மினான். அவள் கண்ணீர் அவன் சீருடையை நனைத்தது.

"அன்னைக்கு என்னயும் எழுப்பு பாக்கியம்... ஒத்தைல அழிக்காத. ரெண்டு பேருமாக் கேட்டுட்டு அழிப்போம்."