மார்வினின் பின்சக்கரங்கள்

மரியஅந்தோணி மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தபோது, அவர் மகனை அடக்கம் செய்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் சுப்பிரமணியம் வாகன விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை எழுதித் தருகிறார். கூட இருக்கும் ரமீஸ் முன்னாள் டாக்சி ஓட்டுநர். எதற்கும் முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிடுவார். பாதி தப்பாகத்தான் இருக்கும்.

"பையன் பேரு மார்வின். இருபத்தெட்டு வயசு. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு, ஆசையா வாங்கினான். செவ்வாய்க்கிழமை மழையில எக்ஸ்பிரஸ்வேல காரு சுத்தி, தடுப்புல மோதிடுச்சு," என்றார் மரியஅந்தோணி. "டயர் கடையில தப்பாப் போட்டுக் கொன்னுட்டாங்க சார். கம்ப்ளைண்ட் குடுத்திருக்கேன். நீங்க ரிப்போர்ட் தந்தா, வெள்ளிக்கிழமை, இங்க பொழைக்க வந்து டயர் மாட்டுற அந்த ஃபாரூக்க வேலைய விட்டுத் தூக்கி ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"துவாஸ் தொழிற்பேட்டையில டிரெய்லர் லாரி ஓட்டுனேன், முப்பத்தொரு வருஷம். முன்சக்கரம்தான் சார் உயிரு. அது எனக்குத் தெரியும்."

பாவம், அழக்கூடத் தெம்பில்லாத மனிதர். சுப்பிரமணியம் ரமீஸோடு காரைப் பார்க்கக் கிளம்பினார்.

நொறுங்கிய கார் காக்கி புக்கிட் பகுதியில் ஒரு பட்டறையில் கிடந்தது. முன்னால் இரண்டும் மழைக்கான புது டயர்கள், ஆழமான பள்ளங்களோடு. பின்னால் இரண்டும் காய்ந்த சாலைக்கான பழைய டயர்கள். பள்ளம் பேருக்குத்தான் இருந்தது.

"கேஸ் முடிஞ்சது லா," என்றார் ரமீஸ். "ஈரத்துல வழுக்குறதப் பின்னால விட்டுட்டான்."

வரவழைக்கப்பட்டிருந்த ஃபாரூக் தலை நிமிராமல் பேசினான். "இந்த ஊர்ல காலையில வெயிலு, மத்தியானம் மழை. நாலையும் மாத்துங்கன்னேன் சார். இப்ப ரெண்டு, அடுத்த மாசம் ரெண்டுன்னு மார்வின்தான் சொன்னாரு. புதுச ரெண்டையும் பின்னாலதான் போட்டேன். முன்னால வழுக்குனா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா சரியாயிடும். பின்னால வழுக்குனா காரு சுத்திடும்."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல சார்."

சுப்பிரமணியம் சக்கரத்தருகே குந்தினார். அந்தக் கடையில் நட்டை முடுக்கியதும், நட்டையும் ரிம்மையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்கள். நான்கு சக்கரத்திலும் கோடுகள் துண்டு துண்டாக நின்றன; ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒரு நட்டைக் கழற்றினார். மரையில் புது கிரீஸ்.

"நீங்க கிரீஸ் வைப்பீங்களா?"

"வைக்கவே மாட்டோம் சார். வச்சா முடுக்குற அளவு தப்பிடும்."

"துருப்பிடிக்காம இருக்கன்னு லாரிக்காரங்கதான் வைப்பாங்க," என்று ஆரம்பித்த ரமீஸ் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் மரியஅந்தோணியையும் ஃபாரூக்கையும் அறைக்கு வரச் சொன்னார்கள்.

"கடையில மாட்டின பிறகு யாரோ நாலு சக்கரத்தையும் கழட்டி, பின்னால இருந்தத முன்னாலயும் முன்னால இருந்தத பின்னாலயும் மாத்தியிருக்காங்க," என்றார் சுப்பிரமணியம். "இடது சக்கரம் இடதுலயே, வலது வலதுலயே இருக்கு. டயர்ல இருக்கற அம்புக்குறி பாத்து மாட்டின பழகின கை. மரையில கிரீஸ் வச்சிருக்காங்க. முன்சக்கரம்தான் உயிருன்னு நம்புற ஆளு. கெடுதல் நெனச்சு இல்ல. ரொம்பப் பாசமா செஞ்சிருக்காங்க."

மரியஅந்தோணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விபத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அவன் அம்மாவக் கூட்டிட்டுப் பூசைக்கு நடந்தே போயிருந்தான். பொங்கோல்ல எங்க அடுக்குமாடி புளோக் கார்பார்க்ல வச்சுத்தான் மாத்தினேன். புது டயரப் போயி பின்னால போட்டிருக்கானே, கடைக்காரனுக்கு வெவரம் இல்லைன்னு நெனச்சேன். அவன்கிட்டச் சொல்லல. சொன்னா, என் காரத் தொடாதீங்கப்பான்னு கோவிச்சுக்குவான்."

அவர் நிமிர்ந்து சுப்பிரமணியத்தைப் பார்த்தார்.

"நான் தொடாம இருந்திருந்தா பொழச்சிருப்பானா சார்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லட்டுமே என்று ரமீஸுக்கும் இருந்தது. ஆனால் நாற்காலி நுனியில் ஃபாரூக் உட்கார்ந்திருந்தான், மறுநாள் வெள்ளிக்கிழமை.

"பொழைக்கத்தான் வாய்ப்பு அதிகம்," என்றார் சுப்பிரமணியம். அதைச் சொன்னதற்காக அவருக்கே அவர்மேல் வெறுப்பாக இருந்தது.

மரியஅந்தோணி காகிதம் கேட்டு வாங்கி, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபாரூக்கிடமே கொடுத்தார். அவன் வாங்கத் தயங்கினான்.

"எங்க வாப்பாவா இருந்தாலும் இப்படித்தாங்க மாத்தியிருப்பாரு," என்றான்.

கிழவர் அவன் தோளைத் தொட்டார்.

"என் வீட்டுக்காரி ராத்திரி செபம் முடிச்சதும் உன் பேரச் சொல்லிச் சபிச்சிட்டுத்தான் படுக்கறா தம்பி," என்றார். "இன்னிக்கு அவகிட்ட அந்தப் பேர நான் மாத்திச் சொல்லணும்."